மகளின் கூந்தலும் குடும்ப நலமும்

தோட்டப்புற வீடுகளில் பொழுது விடியும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. குளிர்ந்த வேளையில்தான் மரத்திலிருந்து பால் நன்றாக வடியும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் வெட்டை முடித்தாக வேண்டும். பெரட்டுக்குப் புறப்படும் தாய், அரைத் தூக்கத்திலிருக்கும் மகளை எழுப்பி உட்கார வைத்து, விளக்கு வெளிச்சத்தில் அவசரமாகத் தலை வாரிப் பின்னிவிடுகிறாள். இயலாத நாட்களில் அந்தப் பொறுப்பு பாட்டிக்கோ மூத்த மகளுக்கோ போய்ச் சேருகிறது. நிதானமாகத் தலையைப் பார்க்க எவருக்கும் நேரமில்லை. ஒரு நாள் பள்ளியிலிருந்து, “பிள்ளையின் தலையில் பேன் இருக்கிறது” என்று செய்தி வருகிறது. அவமானத்தால் எழுந்த கோபத்தில் கத்தரிக்கோல் கைக்கு வருகிறது. மறுநாள் முதல் அச்சிறுமி பள்ளிக்குப் போக மறுக்கிறாள். இது தாய்மார்கள் பலருக்குத் தெரிந்த கதையே.

பெண் பிள்ளையின் தலைமுடி அழகுக்குரிய பொருள் மட்டுமன்று. வீட்டில் என்ன உண்கிறார்கள், நீர் வசதி எப்படி, நோய் வந்து போயிற்றா, யார் யார் ஒரே பாயில் உறங்குகிறார்கள் என்பனவற்றையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும். ஆகவே தலையில் ஏற்படும் குறைக்குச் சிறுமியைக் குற்றவாளியாக்குவது முறையன்று. குடும்பம் முழுவதும் சேர்ந்து தீர்க்க வேண்டிய காரியம் அது.

முதலில் முடியின் இயல்பை அறிந்துகொள்வோம். மனிதர் தலையில் ஏறக்குறைய 1 இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்கடியிலுள்ள வேரிலிருந்து மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. சில ஆண்டுகள் வளர்ந்த பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, தானே உதிர்ந்து, புதிய முடிக்கு இடம் விடுகிறது. ஆதலால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கையே. சீப்பில் நாலைந்து முடியைக் கண்டதும் கண்ணேறு பட்டுவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை. ஆனால் கோபத்தில் ஒரு நிமிடத்தில் வெட்டியெறிந்த 60 சென்டிமீட்டர் கூந்தல் மீண்டும் வளர ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

நம் பிள்ளைகளுள் சிலருக்கு நேரான முடி, சிலருக்கு அலையலையான முடி, சிலருக்கு அடர்ந்த சுருட்டை முடி. முடி முளைக்கும் வேர்ப்பையின் வடிவமே இதற்குக் காரணம். அது பெற்றோர் வழி வருவது. எந்த எண்ணெயாலும் மாறாது. சுருட்டை முடியுள்ள மகளைப் பார்த்து, “பரட்டை” என்றும் “காடு” என்றும் பெற்றவர்களே கேலி செய்வதை நாம் கேட்டிருக்கிறோம். உடன் படிக்கும் பிள்ளைகளின் நேரான முடியைக் கண்டு ஏற்கனவே ஏங்கிக்கொண்டிருக்கும் சிறுமிக்கு அச்சொல் எத்தகைய புண்ணை உண்டாக்கும்! அவள் சற்று வளர்ந்ததும் நகரத்து முடி அலங்கார நிலையத்தில் சுருளை நிமிர்த்திக்கொள்ளப் பணம் கேட்பாள். முடியை நிமிர்த்தும் மருந்துகளுள் சில, சூடு படும்போது பார்மால்டிஹைட் என்னும் நச்சு ஆவியை வெளிவிடுகின்றன. கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கும் அப்பொருள் வளரும் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று.

சுருட்டை முடிக்கு வேண்டியது பொறுமையே. அதைக் காய்ந்த நிலையில் நெருக்கமான சீப்பால் இழுத்தால் அறுந்துபோகும். குளித்த ஈரத்துடன், கையளவு தேங்காய் எண்ணெய் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே ஏறிச் சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பதும், பிள்ளை அழுதால் சீப்பின் முதுகால் தட்டுவதும் பயன் தரா. நெற்றித் தோல் இழுபடும் அளவுக்கு இறுக்கிப் பின்னும் வழக்கமும் தீயது. நாளடைவில் நெற்றியோரத்திலும் காதோரத்திலும் முடி குறைந்துவிடும். பல ஆண்டுகள் இப்படியே இழுபட்டால் வேர் செத்து, அங்கே முடி முளைக்காமலே போகலாம். காலையில் நேரமில்லாத தாய்மார்கள் இரவு உணவுக்குப் பின் சிக்கெடுத்துத் தளர்வாகப் பின்னி விட்டால், காலையில் மேலோட்டமாகச் சீவினாலே போதும்.

வாரம் இரு முறை தலை முழுகுதல் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் போதுமானது. சீயக்காயோ மென்மையான ஷாம்பூவோ எதுவாயினும் சரி. கண்ணில் படாமலும், முழுவதும் அலசிப் போகும்படியும் பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெயைப் பற்றி நம் பாட்டிமார் சொன்னதில் உண்மை உண்டு. அது முடியின் தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என 2003ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும் எண்ணெய் முடியைக் காக்குமேயன்றி வளர்க்காது. எண்ணெய்க் குளியலின்போது கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான சளிக்காய்ச்சல் உண்டாகும்.

தலை முழுக நீர் வேண்டுமல்லவா? தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களுக்குக் குழாய் நீர் வழங்குவது முதலாளியின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. குழாய் நாட்கணக்கில் வறண்டு கிடந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் முறையிடலாம்.

மொட்டையடிக்கும் நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு சொல். தைப்பூசத்தன்று பத்துமலையில் பிள்ளைக்கு முடியிறக்கிச் சந்தனம் பூசுவது நம் மக்களின் நம்பிக்கை சார்ந்த வழக்கம். அதில் குறை காண்பதற்கில்லை. மொட்டையடித்தால் முடி அடர்ந்து வளரும் என்பது மட்டும் சரியன்று. கத்தி தொடுவது தோலுக்கு மேலுள்ள முடியைத்தான். வேர் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் கைக்குத் தடித்தது போல் தோன்றுகிறது, அவ்வளவே. ஒருவருக்குப் பயன்படுத்திய சவரத் தகட்டை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. இரத்தத்தின் வழியாகக் கல்லீரல் அழற்சி நோய் பரவக்கூடும். புதிய தகடு கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம்.

பேன் அவமானமன்று

இனிப் பேனைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம். பேன் அழுக்குத் தலையில்தான் வரும் என்பது தவறான எண்ணம். கழுவிய தலையும் கழுவாத தலையும் அதற்கு ஒன்றே. பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது. ஒரு தலை மற்றொரு தலையைத் தொடும்போது அது ஊர்ந்து செல்கிறது. ஆயாக்கொட்டகையில் ஒன்றாக உறங்கும் குழந்தைகளிடமும், பள்ளியில் தலையோடு தலை சாய்த்துக் கதை பேசும் சிறுமிகளிடமும் அது மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுவே.

பெண் பேன் முடியின் அடியில், தோலை ஒட்டி, பசை போன்ற பொருளால் ஈறுகளை ஒட்டிவைக்கிறது. ஈறு 7 முதல் 10 நாட்களில் பொரிக்கிறது. வெளிவந்த குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைய மேலும் ஒரு வாரத்திற்கு மேலாகும். தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஓரிரு நாளில் மடிந்துவிடும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், பேனை ஒழிக்கும் வழி தானே விளங்கும். இன்று பேன்களை எடுத்துவிட்டால் ஈறுகள் எஞ்சும். அவை பொரிந்து வளர்ந்து, மீண்டும் முட்டையிடுமுன் அந்தக் குஞ்சுகளையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கு மலிவான கருவி பேன் சீப்பு. தலையைக் கழுவி, ஈரத்துடன் நிறைய எண்ணெயோ கண்டிஷனரோ தடவினால் பேன்களால் விரைந்து ஓட இயலாது. முதலில் அகன்ற சீப்பால் சிக்கெடுத்து, பிறகு கூந்தலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, பேன் சீப்பைத் தோலில் பதித்து நுனி வரை இழுக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். முதல் நாள் இவ்வாறு செய்தால், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள் என மீண்டும் செய்க. 17ஆம் நாள் சோதித்துப் பேன் இல்லையெனில் வேலை முடிந்தது. இரண்டாம் முறையோடு நிறுத்திவிடுவதனால்தான் பல வீடுகளில் பேன் திரும்பத் திரும்ப வருகிறது.

மருந்து வேண்டுமெனில் பெர்மெத்ரின் 1 விழுக்காடு கலந்த திரவம் மருந்தகங்களில் கிடைக்கும். 10 நிமிடம் வைத்திருந்து அலசி, ஒன்பது பத்து நாட்கள் கழித்து மறுபடியும் இட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் எதையும் இடலாகாது. சில பேன்கள் இம்மருந்துக்கு மடியாத வன்மை பெற்றுவிட்டதால், மருந்திட்டாலும் சீப்பைக் கைவிடக் கூடாது.

மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது தோலைப் புண்ணாக்கும். ஆவி மூச்சைத் திணறவைக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் நுரையீரல் பழுதாகும். எண்ணெய் தோய்ந்த தலையுடன் அடுப்பருகே செல்லும் சிறுமியின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோட்டத்துக் கிடங்கிலிருந்து பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கொண்டுவந்து தலையில் தடவுவது அதனினும் கொடிது. மருந்தகத்தில் விற்கும் பேன் மருந்தின் பெயரும் பூச்சிமருந்தின் பெயரும் சில வேளை ஒன்றாகவே இருக்கும். அளவும் கலப்பும் முற்றிலும் வேறு. மருந்து தெளிக்கும் வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் குளித்து உடை மாற்றிய பின்னரே பிள்ளையின் தலையைத் தொட வேண்டும். பாராகுவாட் நம் நாட்டில் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் மற்றக் களைக்கொல்லிகள் தீங்கற்றவை என்று கொள்ளலாகாது.

ஒருவர் தலையில் பேன் கண்டால் அன்றே தந்தை, பாட்டி உட்பட வீட்டிலுள்ள அனைவர் தலையையும் பார்க்க வேண்டும். அடுத்த வீட்டாரிடமும் ஒளிவின்றிச் சொல்லி, லயத்தில் எல்லாரும் ஒரே நாளில் சீப்பெடுப்பது நலம். மறைப்பதனால் பேன் சுவர் தாண்டாமல் இருந்துவிடாது. சீப்பைச் சுடுநீரில் 10 நிமிடம் ஊற வைத்தும், தலையணை உறையையும் துண்டையும் சுடுநீரில் துவைத்தும் உலர்த்தினால் போதும். மெத்தையைக் கொளுத்த வேண்டியதில்லை. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவும் வேண்டியதில்லை என்றே பிரிட்டிஷ் சுகாதாரத் துறையினரும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் அறிவுறுத்துகின்றனர். சிகிச்சையைத் தொடங்கிவிட்டு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால், வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளும் பயன் பெறுவர்.

தந்தையருக்கும் இதில் பங்குண்டு. பேன் சீப்பு பெண்கள் கைக்கு மட்டும் உரியதன்று. காலையிலிருந்து மரம் வெட்டி, பால் வாளி சுமந்து, மங்கு துடைத்து ஓய்ந்த மனைவியின் கைக்கு ஓய்வு கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் மகளின் தலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கும் தந்தை எவ்வகையிலும் குறைந்துவிட மாட்டார்.

நம் தோட்டங்களுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. விடுமுறையில் தாயுடன் காட்டுக்குப் போகும் சிறுமியின் முடியில் பால் தெறித்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் சவர்க்காரத்திற்கும் அது அசையாது. பெட்ரோல் ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெயை நன்றாக ஊறவிட்டு, விரலால் மெல்ல உருட்டி இழுத்தால் கழன்று வரும்.

உதிர்வுக்குக் காரணம் வயிற்றில்

முடி புரதத்தால் ஆனது. சோறும் சம்பலும் மட்டும் உண்ணும் பிள்ளைக்கு முடிக்குரிய பொருள் எங்கிருந்து கிடைக்கும்? விலையுயர்ந்த தைலத்திற்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும், நெத்திலியும், கெம்போங் மீனும், பயறும், தெம்பேயும் வாங்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் முடியை உதிர்க்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு மாதந்தோறும் இரத்தம் வெளியேறுவதால் இத்தேவை மிகுதி. வீட்டுக் கொல்லையிலுள்ள முருங்கைக் கீரையும் பசலையும் உதவும். கீரையோடு ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு உடலில் நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தினால் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

வெறுங்காலுடன் ஈர மண்ணில் நடக்கும் பிள்ளைகளின் பாதத் தோல் வழியே கொக்கிப்புழு உட்புகுந்து, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. புழு இருக்கும் வரை எவ்வளவு கீரை கொடுத்தாலும் பயன் குறைவே. பூச்சி மருந்தைச் சுகாதார நிலையத்தில் கேட்டு உட்கொள்ளச் செய்து, காலுக்குச் செருப்பு அணிவிக்க வேண்டும். டெங்கி போன்ற கடுங்காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கும் இவ்வாறே நேரும். வேர் சாகவில்லை. நல்ல உணவுடன் சில மாதங்களில் பழைய நிலை திரும்பும்.

ஆனால் தலையில் வட்டமாக முடி ஒடிந்து, தோல் செதிலாக உரிந்தால் அது படை நோயாக இருக்கலாம். அதற்கு மேற்பூச்சு மட்டும் போதாது. உள்ளுக்கும் மருந்து உண்ண வேண்டும். சொறிந்த இடத்தில் சீழ் கட்டினாலோ, கழுத்தில் நெறி கட்டினாலோ, கண்ணின் கீழிமை உட்புறம் வெளுத்து, பிள்ளை சிறிது ஓடினாலும் இளைத்தாலோ தாமதிக்கலாகாது. சுகாதார நிலையத்திற்குச் செல்லும்போது, கடைசியாகக் காய்ச்சல் வந்த நாளைக் குறித்துக்கொண்டு, தலைக்கு இதுவரை தடவிய எண்ணெய், மருந்துப் புட்டிகளையும் உடன் எடுத்துச் சென்று தாதியிடம் காட்டுங்கள்.