பாடம் 9: மேடுபள்ளமும் மென்காற்றும்

நுழையுமுன்

வெள்ளம் சூழ்ந்த ஊரிலிருந்து நோயாளி ஒருவரை மீட்டுவர வேண்டும். வழியில் வயல்வரப்பு உண்டு. உடைந்த சாலை உண்டு. ஆளை மூழ்கடிக்கும் நீரும் உண்டு. படகு வரப்பில் தட்டி நிற்கும். மகிழுந்து நீரில் அமிழும். நீரிலும் நிலத்திலும் செல்லவல்ல ஊர்தி ஒன்று இருந்தால் மட்டும் போதுமா? முதுகெலும்பில் அடிபட்டவரை அது குலுக்காமல் கொண்டுவந்து சேர்க்கவும் வேண்டுமன்றோ? அஃது எவ்வாறு இயலும் என்பதை இப்பாடத்தில் அறிவோம்.

குலுக்கமும் உடலும்

மாணவச் செல்வங்களே! பயணத்தில் நேரும் குலுக்கத்தை நாம் சிறு தொல்லை என்றே எண்ணுகிறோம். ஆனால் எல்லாக் குலுக்கமும் ஒன்றல்ல. ஊஞ்சலின் மெல்லிய அசைவில் குழந்தை உறங்கிவிடுகிறது. அதே குழந்தை கரடுமுரடான சாலையில் செல்லும் வண்டியில் வீறிட்டு அழுகிறது. இரண்டும் அசைவே, வேறுபாடு அசைவின் விரைவில் உள்ளது.

அமர்ந்திருக்கும் மனிதரை மிகுதியாக வருத்துவது, நொடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழுமாக நிகழும் அதிர்வே ஆகும். உடலின் நடுப்பகுதி அவ்விரைவோடு ஒத்து அதிர்வதே அதற்குக் காரணம். ஆகவே, மகிழுந்தின் வில்லமைப்பு நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை முறை மட்டுமே ஏறி இறங்குமாறு அமைக்கப்படுகிறது. சாலை தரும் கடுமையான அதிர்வை வில் ஏற்றுக்கொண்டு, நமக்கு மெல்லிய அசைவாக மாற்றித் தருகிறது.

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். நெல்லும் எருவும் ஏற்றிய கட்டைவண்டிக்கு வில் இல்லை. ஆட்கள் ஏறிச்செல்லும் வண்டிக்கு மட்டும் இரும்புப் பட்டைகளாலான வில்லைப் பொருத்தினர். ‘வில்வண்டி’ என்னும் பெயரே அதனால் வந்தது.

வில்லில்லா வண்டி

நீரிலும் நிலத்திலும் செல்லும் ஊர்தியை நீர்நில ஊர்தி என்பர். இதற்கு வில் பொருத்துவதில் ஓர் இடர் உண்டு. இதன் உடல் படகு போன்றது. சக்கரத்தின் அச்சு அவ்வுடலைத் துளைத்துக்கொண்டு வெளிவருகிறது. அத்துளையில் நீர் புகாதவாறு அடைப்பு இடுதல் வேண்டும். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்குமாயின், அவ்வடைப்பை அமைப்பது மிகக் கடினம். மேலும், வில்லும் அதன் துணைக்கருவிகளும் எடையைக் கூட்டும். எடை கூடக்கூட ஊர்தி நீரில் ஆழ அமிழும்.

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 1967 முதல் தயாரிக்கப்பட்டுவரும் ‘ஆர்கோ’ என்னும் நீர்நில ஊர்தியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். எட்டுச் சக்கரங்களைக் கொண்ட ஆர்கோ வகைகளில் அச்சுகள் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டுள்ளன. அவ்வாறாயின், அதில் செல்வோரைக் குலுக்கத்திலிருந்து காப்பது எது? டயரினுள் இருக்கும் காற்றே! மகிழுந்தின் டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டுக்கு மேல் காற்றழுத்தம் இருக்கும். ஆர்கோவின் அகன்ற டயரிலோ அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இருக்கும். டயர் கல்லின் மீது ஏறும்போது, கல் வண்டியைத் தூக்கி எறிவதில்லை; டயர் கல்லுக்கு இடங்கொடுத்துக் குழிந்துகொள்கிறது. இங்கே வில்லின் பணியைக் காற்று செய்கிறது.

தோல்பை கற்பித்த பாடம்

இவ்வுண்மையை அலாஸ்காவின் பனிக்கரையில் வாழ்ந்த மக்கள் முன்பே அறிந்திருந்தனர். வில்லியம் ஆல்பீ என்பவர் அங்கே பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். காற்று நிரப்பிய கடல்நாய்த் தோல்பைகளின் மீது அம்மக்கள் கனமான படகை உருட்டிக் கரையேற்றியதை அவர் கண்டார். பைகள் கூழாங்கற்களுக்கேற்ப வளைந்தன. படகு அதிராமல் நகர்ந்தது. அக்காட்சியை மறவாத அவர், 1950-களின் தொடக்கத்தில், பைபோன்ற மெல்லிய பெருஞ்சக்கரங்களைக் கொண்ட ‘ரோலிகான்’ ஊர்தியை உருவாக்கினார். கற்பிக்கச் சென்ற ஆசிரியர், சென்ற இடத்தில் தாமும் கற்றுக்கொண்டார்.

இருக்கையிலிருந்தே காற்றைக் கூட்டலும் குறைத்தலும்

காற்று குறைவாக இருப்பது எல்லா இடத்திற்கும் பொருந்துமா? பொருந்தாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்காவில் ‘டக்’ என்னும் ஆறு சக்கர நீர்நில ஊர்தி உருவாக்கப்பட்டது. கடற்கரை மணலில் செல்லும்போது டயரில் காற்று குறைவாக இருத்தல் நன்று. டயர் அகன்று பரவி, மணலில் புதையாமல் செல்லும். கடினமான சாலையிலோ காற்று மிகுதியாக இருத்தல் வேண்டும். இல்லையேல் டயர் சூடேறிக் கெடும். எனவே ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தபடியே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஏற்பாடு அவ்வூர்தியில் செய்யப்பட்டது. அவ்வசதியைப் பெற்ற முதல் ஊர்தி அதுவே.

நான்கு டயர், ஒரே மூச்சு

2025-ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்ற குடியரசு நாள் அணிவகுப்பைக் கண்டோர், ‘கபித்வஜ்’ என்னும் படை ஊர்தியையும் கண்டிருப்பர். ‘கபி’ என்பது குரங்கையும், ‘த்வஜம்’ என்பது கொடியையும் குறிக்கும் வடசொற்கள். அனுமன் கொடியை உடைய அருச்சுனன் தேரை இப்பெயர் நினைவூட்டுகிறது.

இவ்வூர்தியின் டயர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஆள் உயரம் உள்ளது. இதற்கும் வில் இல்லை. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. நான்கு டயர்களின் காற்றறைகளும் குழாய் வழியே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன. ஒரு சக்கரம் பாறை மீது ஏறி நசுங்கும்போது, அதிலுள்ள காற்று மற்ற மூன்றுக்கும் பகிர்ந்து செல்கிறது. ஒன்றுக்கு நேர்ந்த இடரை நான்கும் சேர்ந்து தாங்குகின்றன. டயர்களை விரைவில் நிரப்புவதற்கு எஞ்சினின் புகைவாயுவே பயன்படுகிறது. நீரில் இறங்கினால், அப்பெரிய டயர்களே மிதவையாகவும் துடுப்பாகவும் அமைகின்றன.

மென்மைக்கும் எல்லை உண்டு

பந்தைத் தரையில் தட்டினால் அது மீண்டும் மீண்டும் எழும். காற்றடைத்த டயரும் அத்தன்மையதே. அதிர்வை ஏற்கும், ஆனால் விரைவில் அடக்காது. குறிப்பிட்ட விரைவில் மேடுகள் அடுத்தடுத்து வருமாயின், வண்டி தவளைபோல் தத்தத் தொடங்கும். இதனைத் தவிர்க்க வல்லுநர் பின்பற்றும் வழிகள் சில:

1. தத்தல் தொடங்கியவுடன் விரைவைக் குறைத்தல். செலவில்லாத மருந்து இதுவே.
2. நிலத்திற்கும் சுமைக்கும் ஏற்பக் காற்றை அளவாக வைத்தல். மிகுந்தால் குலுக்கும், மிகக் குறைந்தால் டயர் தன் வளையத்தைவிட்டுக் கழன்றுவிடக்கூடும்.
3. இரு பக்க டயர்களையும் ஒரே அளவில் வைத்தல். அளவு வேறுபட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அழுத்தம் மிகக் குறைவாதலால், அளவுநாடாவால் டயரின் சுற்றளவையும் அளந்து பார்ப்பர்.
4. சுமையைத் தாழ்வாகவும் நடுவிலும் ஏற்றுதல்.
5. இருக்கையின் அடியில் அதிர்வடக்கியைப் பொருத்துதல்.
6. நோயாளியை முன் முனையிலோ பின் முனையிலோ இருத்தாமல், குலுக்கம் குறைந்த நடுப்பகுதியில் இருத்துதல்.

நிறைவாக

கரடுமுரடான நிலத்தை எதிர்த்து மோதும் வன்மை, உள்ளே இருப்பவரை நோகச் செய்கிறது. இடங்கொடுத்து, பகிர்ந்து, மெல்லச் செல்லும் மென்மையோ அவரை நலமுடன் கரைசேர்க்கிறது. வெள்ளத்தில் மீட்கப்படும் மூதாட்டிக்கும், முதுகில் அடிபட்ட வீரருக்கும் குலுங்காத பயணம் என்பது சொகுசு அன்று, மருத்துவத்தின் முதற்படி. ஊர்தி சென்று சேர்ந்ததா என்பதோடு, உள்ளே இருந்தவர் எந்நிலையில் சேர்ந்தார் என்பதையும் கேட்பதே நல்ல பொறியாளரின் கடமையாகும்.

சொற்பொருள்

ஊர்தி – வண்டி
அமிழ்தல் – மூழ்குதல்
வீறிடுதல் – உரத்த குரலில் அலறுதல்
இடர் – துன்பம், தடை
கடல்நாய் – குளிர்க்கடலில் வாழும் பாலூட்டி
தத்துதல் – குதித்துக் குதித்துச் செல்லுதல்

இலக்கணக் குறிப்பு

மேடுபள்ளம் – உம்மைத்தொகை (மேடும் பள்ளமும்)
வில்லில்லா வண்டி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
மறவாத – எதிர்மறைப் பெயரெச்சம்
தோல்பை – உருபும் பயனும் உடன்தொக்க தொகை (தோலால் ஆகிய பை)
கூட்டல், குறைத்தல் – தொழிற்பெயர்கள்

பயிற்சி

அ. ஓரிரு தொடரில் விடை எழுதுக.
1. அமர்ந்திருப்பவரை மிகுதியாக வருத்தும் அதிர்வு யாது?
2. ‘டக்’ ஊர்தியில் முதன்முதலாக அமைந்த வசதி யாது?
3. ‘கபித்வஜ்’ என்னும் பெயரின் பொருள் யாது?

ஆ. ஐந்து தொடரில் விடை எழுதுக.
1. நீர்நில ஊர்திக்கு வில் பொருத்துவது ஏன் கடினம்?
2. ஆல்பீ அலாஸ்காவில் கண்ட காட்சியை விவரிக்க.
3. ‘ஒன்றுக்கு நேர்ந்த இடரை நான்கும் சேர்ந்து தாங்குகின்றன’ – பாடத்தின்வழி விளக்குக.

இ. எதிர்ச்சொல் எழுதுக.
மென்மை, மேடு, மிகுதி, கூட்டல்

ஈ. செயல்பாடு
1. ஒரு பந்தில் காற்றை நன்கு நிரப்பியும், பின்னர்ப் பாதியாகக் குறைத்தும் சிறு கல்லின் மீது அழுத்திப் பாருங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை நான்கு தொடரில் எழுதுங்கள்.
2. ஊரில் உள்ள உங்கள் தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் பேசுங்கள். அவர்கள் கட்டைவண்டியிலோ வில்வண்டியிலோ சென்றதுண்டா? குலுக்கத்தைக் குறைக்க வண்டியினுள் எதைப் பரப்பினார்கள்? அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதிவந்து வகுப்பில் படித்துக்காட்டுங்கள்.