முதல் தச்சுவேலை: டம்ளர்ப் பலகையும் மரம் உலர்த்தும் முறையும்

உழவுத்தொழில் செய்வோர் சில்லறைத் தச்சுவேலையைத் தாமே செய்துகொள்ளக் கற்றிருத்தல் நலம். மண்வெட்டிக்குக் காம்பு போடுவதற்கும் பட்டிக் கதவின் சட்டத்தை மாற்றுவதற்கும் ஒவ்வொரு முறையும் ஆசாரியை எதிர்பார்த்திருந்தால் வேலை தடைப்படும். ஆயினும் முதன்முயற்சியிலேயே பெரிய கட்டையில் கைவைத்து அதை வீணாக்குவது சரியன்று. காப்பி, மோர் ஊற்றிய டம்ளருக்கு அடியில் இட்டு, மேசையில் வட்டக் கறை படியாமல் காக்கும் சிறு சதுரப் பலகையே தொடக்கக்காரருக்கு ஏற்ற வேலையாகும். அளத்தல், அறுத்தல், இழைத்தல், எண்ணெய் பூசுதல் ஆகிய நான்கும் இதில் அடங்கும். கெட்டாலும் நஷ்டம் ஒரு சாண் பலகைக்குள்தான்.

ஒரு பிழையும் அதன் காரணமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் செய்முறை காட்டச் சென்றபோது யானே செய்த பிழையை இங்கே கூறுதல் தகும். காற்றில் முறிந்த வேப்பங்கிளையைப் பச்சையாகவே குறுக்கே அறுத்து, முக்கால் அங்குல கனத்தில் 12 வட்டங்களாக்கி, "இழைக்கும் வேலையே இல்லை" என்று பெருமையுடன் வழங்கினேன். அடுத்த மாதம் சென்று பார்க்கையில் ஒன்றுகூடப் பழுதின்றி இல்லை. ஒவ்வொன்றும் விளிம்பிலிருந்து நடுவரை வெடித்து, ஒரு விள்ளல் எடுத்த அடைபோல் வாய்திறந்து கிடந்தது. கூட்டத்திலிருந்த முதிய குடியானவர் ஒருவர், "ஐயா, சென்ற ஆண்டு பணங்கொடுத்து வாங்கிய ஏர்க்காலும் இப்படித்தான் வெடித்தது, இது மரத்தின் குற்றமா, எங்கள் குற்றமா?" என்று கேட்டார். அவருக்கு அன்று நான் சொன்ன விடையே இப்பாடத்தின் சாரமாகும்.

குற்றம் மரத்தினுடையதன்று, உலர்த்தாமையே குற்றம். ஈரம் வற்றும்போது மரம் நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதேயில்லை. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சிறிது சுருங்கும். வளையங்களைச் சுற்றிய திசையிலோ அதைப்போல் சுமார் 2 மடங்கு சுருங்கும். சுற்றளவு மிகுதியாகக் குறைய, உள்ளிருக்கும் பாகம் அவ்வளவு குறையாமையால், வட்டம் கிழிந்தே தீரவேண்டும். வண்டிச் சக்கரத்தில் காய்ச்சிப் போட்ட இரும்புப் பட்டா ஆறும்போது இறுகுவதை யாவரும் கண்டிருப்பர். அவ்விறுக்கத்தை இரும்பு தாங்கும். மரத்தின் நார் தாங்காது. நடுக்குருத்தோடு கூடிய பச்சைக் கட்டை எதுவும் இவ்வாறே வெடிக்கும்.

மரம் தேர்தல்

பூவரசு, வேம்பு, வாகை, பலா, தேக்கு யாவும் இவ்வேலைக்கு உகந்தவை. வாகைத் தூள் தும்மல் உண்டாக்கும். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்க. வயிரம் பாய்ந்த பாகத்தையே கொள்ளவேண்டும். வெளிப்புறத்து வெண்பாகத்தில் மாச்சத்து இருப்பதால் உளுப்பூச்சி அதை நாடும். புயலில் விழுந்த கிளைகளும் பழைய கதவுச் சட்டங்களும் போதுமானவை. புறம்போக்கு மரங்களில் அனுமதியின்றிக் கைவைக்கலாகாது என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைப்பார்களாக.

உலர்த்துதல்

கட்டையை நீளவாட்டில், நடுக்குருத்தை விலக்கி, முக்கால் அங்குலப் பலகைகளாக அறுத்துக்கொள்க. மரத்தின் ஈரம் பக்கங்களைவிட முனைகளின் வழியே பன்மடங்கு விரைவாக வெளியேறும். அதனால் முனை முந்திச் சுருங்கி வெடிக்கும். அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்டோ கனமாகப் பூசவேண்டும். பின்னர், காற்றோட்டமுள்ள நிழலில், பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுக. வெயிலில் போடலாகாது.

அங்குல கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய வழக்கு. அதைவிட உறுதியான சோதனை தராசே. ஒரு பலகையை வாரந்தோறும் நிறுத்து, எடையைக் குறித்து வருக. மூன்று, நான்கு வாரங்கள் எடை குறையாமல் நின்றால் மரம் வேலைக்குப் பக்குவமாயிற்று.

செய்முறை

ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், பேனாக்கத்தி, உப்புத்தாள் இவையே வேண்டும் கருவிகள். 6 பலகைகளுக்கு இரண்டரை அடி நீளமும் நாலரை அங்குல அகலமும் உள்ள துண்டு போதும்.

1. துண்டு முழுமையாக இருக்கும்போதே இழைத்து, அரை அங்குல கனமும் 4 அங்குல அகலமும் ஆக்குக. சிறு துண்டுகளாக அறுத்தபின் இழைப்பது கைக்கு ஆபத்து.

2. மூலைமட்டத்தை வைத்து, 4 அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பேனாக்கத்தியால் நான்கு பக்கமும் கீறுக. பென்சில் கோட்டைவிடக் கத்திக்கீறல் நாரை அறுத்து விளிம்பு சிதறாமல் காக்கும். ரம்பம் ஓடும் இடத்துக்குக் கோடுகளுக்கிடையே சிறிது விட்டு, கீறலுக்கு வெளியே அறுக்கவேண்டும்.

3. அறுத்த முனையை இழைக்கும்போது இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கியே தள்ளுக. ஒரே வீச்சில் தள்ளினால் கடைமூலை பெயர்ந்துவிடும்.

4. விளிம்புகளை மழுக்கி, நாரின் போக்கிலேயே உப்புத்தாள் தேய்க்கவேண்டும். பின் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்ததும் மறுபடி தேய்க்கவும். எழும்பவேண்டிய நார் இப்போதே எழும்பி அடங்கிவிடும்.

எண்ணெய் பூசுதல்

தேங்காயெண்ணெய் உலராது, பிசுக்காகவே நிற்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால்மணி நேரம் சென்றபின் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாளேனும் உலரவிட்டு, மும்முறை பூசுக. அரக்குப் பூச்சு சூடான டம்ளரால் வெளுக்கும், தேன்மெழுகு இளகும். இரு முகங்களிலும் சமமாகப் பூசாவிடில் பலகை ஒருபுறம் வளையும்.

முக்கிய எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். வைக்கோற்போரும் கூரைக்கொட்டகையும் உள்ள வீடுகளில் இது பெருங்கேடு. துணியை வெளியில் விரித்து உலர்த்துக. அல்லது நீரில் ஊறவைக்கவும்.

முடிவு

செய்த பலகையின் அடியில் மரத்தின் பெயரையும் அறுத்த மாதத்தையும் எழுதிவைப்பீர்களாக. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் அதை மேசைமீது வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்து நின்றால் உங்கள் உலர்த்தும் முறை சரி. அதே அடுக்கிலிருந்து மண்வெட்டிக் காம்புக்கும் கதவுச் சட்டத்துக்கும் துணிந்து மரம் எடுக்கலாம். ஆடினாலோ, ஒரு பலகையோடு போயிற்று, ஏர்க்கால் தப்பியது.