சாதகமான எதிரணிக்காக வேண்டுமென்றே தோற்கலாமா?

கேள்வி: கால்பந்து லீக் சுற்றில் தோற்றால் அரையிறுதியில் எளிய அணி கிடைக்கும் என்றால், தோற்பது சரியா? (வாசகர், பழவேற்காடு)

பதில்: சரியல்ல. 1998 டைகர் கோப்பை இதற்குச் சான்று. பிரிவில் முதலிடம் பெறும் அணி அரையிறுதியில் வியட்நாமை அதன் சொந்த மண்ணான ஹனோயில் சந்திக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பிரிவில் மோதிய தாய்லாந்து, இந்தோனேசியா இரண்டுமே வெற்றியை விரும்பவில்லை. ஆட்டம் 2-2 என்றிருந்தபோது இந்தோனேசியாவின் முர்சித் எஃபெண்டி பந்தைத் தன் வலைக்குள்ளேயே அடித்தார். அவருக்குச் சர்வதேசப் போட்டிகளில் ஆட வாழ்நாள் தடை. இரு அணிகளுக்கும் தலா 40,000 டாலர் அபராதம்.

தந்திரமும் பலிக்கவில்லை. இந்தோனேசியா விரும்பிப் பெற்ற எதிரணியான சிங்கப்பூரிடமே தோற்றது. இறுதியில் வியட்நாமுக்கு எதிராகச் சிங்கப்பூரின் ஆர். சசிகுமார் அடித்த ஒரே கோல் கோப்பையை வென்றது.

தோற்ற அணிக்கு லாபம் தரும் விதியும் குற்றவாளியே. பழவேற்காடு ஏரியின் பாடு முறையில் மீன்பிடி இடங்கள் குலுக்கலில் பிரிக்கப்படுவதுபோல, லீக் சுற்று முடிந்தபின் அரையிறுதி ஜோடிகளையும் குலுக்கி எடுக்கலாம். எதிரணி யாரென முன்கூட்டித் தெரியாதபோது, தோற்பதில் ஆதாயம் இராது.