குடிநீரில் புளோரைட்டு: சேர்ப்பதா, நீக்குவதா?

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
அலகு: உள்ளூராட்சியும் பொதுத் தீர்மானமும்



எமது ஊரின் பெயர் தண்ணீரூற்று. பெயரிலேயே நீரும் ஊற்றும் இருக்கின்றன. இப்பிரதேசத்தில் பலர் கிணற்று நீரை அருந்தியே வளர்ந்தவர்கள். அந்த நீரில் என்னென்ன கரைந்துள்ளன, அதை யார் சோதிக்கின்றனர், அதைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பவற்றை நாம் அதிகம் சிந்திப்பதில்லை. உலகின் பல நகரங்களில் இக்கேள்விகள் மாநகர சபைகளில் பல ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகின்றன. அவ்விவாதத்தை உதாரணமாகக் கொண்டு ஒரு பொதுத் தீர்மானம் எவ்வாறு எடுக்கப்பட வேண்டும் என்பதை இப்பாடத்தில் கற்போம்.

1. புளோரைட்டு என்றால் என்ன?

புளோரீன் என்னும் மூலகத்தின் அயனே புளோரைட்டு ஆகும். சில வகைப் பாறைகளிலுள்ள கனியங்களிலிருந்து இது நிலத்தடி நீரில் கரைகின்றது. பல்லின் வெளிப்புறத்தை மூடியுள்ள கடினமான படை மிளிரி எனப்படும். நாம் இனிப்பும் மாப்பொருளும் உண்ணும்போது வாயிலுள்ள பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன. அவ்வமிலம் மிளிரியை அரிப்பதால் பற்சிதைவு, அதாவது சூத்தைப் பல், ஏற்படுகின்றது. சிறிதளவு புளோரைட்டு மிளிரியை அமிலத்தைத் தாங்கக்கூடியதாக வலுப்படுத்துகின்றது.

ஆனால் அளவு மிஞ்சினால் இதே புளோரைட்டு பல்லைக் கெடுக்கின்றது. நிரந்தரப் பற்கள் முரசினுள்ளே உருவாகும் காலத்தில், அதாவது பிறப்பிலிருந்து ஏறத்தாழ 8 வயது வரை, அதிக புளோரைட்டு உள்ள நீரை அருந்தும் பிள்ளையின் பற்களில் வெண்புள்ளிகளும் மண்ணிறக் கறைகளும் தோன்றும். இது பற் புளோரோசிசு எனப்படும். எவ்வளவு துலக்கினாலும் இக்கறை நீங்காது. இன்னும் கூடிய அளவில் பல ஆண்டுகள் அருந்துவோருக்கு எலும்புகளும் மூட்டுகளும் பாதிப்படையும்.

2. மனதில் இருத்த வேண்டிய அளவுகள் (ஒரு இலீற்றர் நீரில்)

• 0.7 மில்லிகிராம் – நீருக்குப் புளோரைட்டுச் சேர்க்கும் நகரங்களுக்கு ஐக்கிய அமெரிக்கா 2015 இல் பரிந்துரைத்த அளவு.
• 1.0 மில்லிகிராம் – இலங்கைக் குடிநீர்த் தரநியமத்தின் (2013) உச்ச வரம்பு.
• 1.5 மில்லிகிராம் – உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் வரம்பு.

இலங்கையின் வரம்பு உலக வரம்பிலும் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். வெப்பமான பிரதேசத்தில் வாழ்வோர் அதிக நீர் அருந்துவர். குளிர்நாட்டில் நாளொன்றுக்கு ஒன்றரை இலீற்றர் அருந்துபவர் 1.0 மில்லிகிராம் அளவுள்ள நீரிலிருந்து 1.5 மில்லிகிராம் புளோரைட்டைப் பெறுவார். வன்னி வெயிலில் வயலில் நின்று நான்கு இலீற்றர் அருந்துபவர் அதே நீரிலிருந்து 4 மில்லிகிராம் பெறுவார். எனவே ஒரு நாட்டுக்குப் பொருந்தும் அளவு இன்னொரு நாட்டுக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் தவறாகும்.

3. ஒரு மாநகர சபையின் அனுபவம்: கல்கரி

பொது நீர் வழங்கலில் புளோரைட்டைச் சேர்த்த முதல் நகரம் ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள கிராண்ட் ரப்பிட்ஸ் ஆகும். அங்கு இது 1945 ஜனவரி 25 இல் ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் பல நகரங்கள் இதைப் பின்பற்றின. கனடாவின் கல்கரி நகரம் இவ்விடயத்தில் தன் முடிவை இரு தடவை மாற்றியமையால் எமக்கு நல்ல உதாரணமாகின்றது.

• 1989 – பொதுமக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் ஆதரித்தனர். 1991 இல் புளோரைட்டுச் சேர்த்தல் ஆரம்பமாயிற்று.
• 2011 – மாநகர சபை வாக்களித்து இதை நிறுத்தியது. உபகரணங்களைப் புதுப்பிக்கும் செலவும், மக்களின் விருப்பமின்றி நீரில் ஒன்றைச் சேர்க்கலாமா என்ற கேள்வியும் காரணங்களாகக் காட்டப்பட்டன.
• 2018/19 – ஆய்வாளர்கள் இரண்டாந் தரப் பிள்ளைகளின் பற்களைப் பரிசோதித்தனர். கல்கரியில் 64.8 சதவீதமானோருக்கும், புளோரைட்டுச் சேர்த்தலைத் தொடர்ந்த அயல் நகரமான எட்மன்டனில் 55.1 சதவீதமானோருக்கும் பற்சிதைவு காணப்பட்டது.
• 2021 – மாநகர சபைத் தேர்தலுடன் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 சதவீதமானோர் மீண்டும் சேர்க்கலாம் என வாக்களித்தனர்.
• 2025 ஜூன் – புளோரைட்டுச் சேர்த்தல் மீண்டும் தொடங்கியது.

அதே 2025 இல் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா, புளோரிடா ஆகிய மாநிலங்கள் இதைச் சட்டத்தால் தடை செய்தன. ஆகவே இவ்விவாதம் இன்றும் முடியவில்லை.

4. இரு தரப்பு வாதங்கள்

சேர்க்க வேண்டும் என்போர் கூறுவன:
(அ) பல் வைத்தியரிடம் செல்ல வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் இப்பயன் சமமாகக் கிடைக்கும்.
(ஆ) பல்லைப் பிடுங்குவதிலும் அடைப்பதிலும் பார்க்க வருமுன் காத்தல் செலவு குறைந்தது.

வேண்டாம் என்போர் கூறுவன:
(அ) குடிநீரைத் தெரிவு செய்யும் வசதி எல்லோருக்கும் இல்லை. விரும்பாதவரும் அதையே அருந்த வேண்டும்.
(ஆ) இன்று புளோரைட்டு உள்ள பற்பசை பரவலாகக் கிடைப்பதால் நீரில் சேர்ப்பதன் மேலதிகப் பயன் முன்னரிலும் குறைவு. 2024 இல் வெளியான சர்வதேச ஆய்வுத் தொகுப்பும் இதைக் காட்டியது.
(இ) அளவு கூடினால் தீங்கு உண்டாகும். 1.5 மில்லிகிராமிலும் கூடிய அளவு பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு குறைவதுடன் தொடர்புடையது என 2024 இல் ஓர் அமெரிக்க அரச அறிக்கை கூறியது. எனினும் 0.7 மில்லிகிராம் அளவில் அத்தகைய பாதிப்பு உண்டு என அவ்வறிக்கை முடிவு செய்யவில்லை.

இரு தரப்பிலும் நியாயங்கள் உள்ளன. எவ்வளவு பயன், எவ்வளவு தீங்கு என்பதை ஆய்வு சொல்லும். எதை ஏற்பது என்பதை மக்களும் அவர்களது பிரதிநிதிகளும் தீர்மானிக்க வேண்டும்.

5. எமது நாட்டில் கேள்வி தலைகீழானது

கல்கரியில் நீரிலுள்ள இயற்கையான புளோரைட்டு போதாது என்பதால் விவாதம் எழுந்தது. இலங்கையின் உலர் வலயத்தில் பிரச்சினை வேறு. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா முதலிய மாவட்டங்களில் கடும் பாறைகளிடையே தோண்டப்பட்ட பல குழாய்க்கிணறுகளில் புளோரைட்டு வரம்பை மீறிக் காணப்படுகின்றது. இங்கு சேர்ப்பதா என்பதல்ல, எப்படி நீக்குவது என்பதே கேள்வி.

இதற்குச் செங்கற் துண்டுகளால் ஆன எளிய வீட்டு வடிகட்டி இலங்கையிலேயே ஆராய்ந்து பயன்படுத்தப்பட்டது. மக்கள் ஆர்.ஓ. தண்ணீர் என அழைக்கும் சுத்திகரிப்பு நிலையங்களும் பல கிராமங்களில் அமைக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைட்டு அதிகம் என்பதால் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் பெருந்திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 இல் ஆரம்பித்து வைக்கப்பட்டது.

இங்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாகிக் குறைவதால் எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.

அடுத்தடுத்த இரு கிணறுகளின் நீர்கூட வேறுபடலாம். நிறத்தாலோ சுவையாலோ புளோரைட்டின் அளவை அறிய முடியாது. ஆதலால் தண்ணீரூற்றுக் கிணறு நல்லது என்றோ கூடாதது என்றோ சோதிக்காமல் சொல்லக்கூடாது.

6. யாருடைய பொறுப்பு?

இலங்கையில் உள்ளூராட்சி மன்றங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என மூவகைப்படும். தண்ணீரூற்று கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையின் எல்லைக்குட்பட்டது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகியன பிரதேச சபையின் பொறுப்பாகும். எனினும் குழாய்நீர் வழங்கலின் பெரும் பகுதியைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நடத்துகின்றது. கல்கரி மாநகர சபையைப் போல் எமது பிரதேச சபை தனித்து முடிவெடுக்க இயலாது. ஆனால் தீர்மானம் நிறைவேற்றலாம். நீரைச் சோதிக்குமாறு கோரலாம். முடிவுகளை மக்களுக்கு அறிவிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அரச நிறுவனங்களிடமுள்ள நீர்ச் சோதனை முடிவுகளைப் பிரசைகள் கேட்டுப் பெறலாம்.

7. பயிற்சி வினாவும் விடையெழுதும் முறையும்

வினா: குடிநீரில் புளோரைட்டின் அளவை மாற்றுவது பற்றி ஒரு சபை தீர்மானிக்கும் முன் கவனிக்க வேண்டிய நான்கு விடயங்களை விளக்குக.

விடைக் குறிப்பு:
1. அளவு – நீரில் இப்போது எவ்வளவு புளோரைட்டு உள்ளது? மக்கள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் அருந்துகின்றனர்?
2. சான்று – பயனும் தீங்கும் பற்றிய ஆய்வுகள் என்ன கூறுகின்றன? அவை எப்பிரதேசத்தில் செய்யப்பட்டவை?
3. சம்மதம் – மக்களின் கருத்து கேட்கப்பட்டதா? மறுப்போருக்கு மாற்று வழி உண்டா?
4. பொறுப்பு – செலவை ஏற்பவர் யார்? தொடர்ந்து கண்காணிப்பவர் யார்? முடிவு தவறானால் திருத்தும் வழி எது?

ஒவ்வொரு விடயத்துக்கும் ஓர் உதாரணம் தருதல் அவசியம். "புளோரைட்டு நல்லது" என்றோ "புளோரைட்டு நஞ்சு" என்றோ ஒரு வரியில் முடிப்பது மாணவர் பலர் விடும் தவறாகும். எவ்வளவு, யாருக்கு என்று கேட்காத விடை முழுமையான விடையன்று.

செயற்பாடு: உங்கள் வீட்டிலும் பாடசாலையிலும் அருந்தும் நீர் எங்கிருந்து வருகின்றது, அது இறுதியாக எப்போது சோதிக்கப்பட்டது என வினவி எழுதுங்கள். ஒருவருக்கும் தெரியவில்லையெனின், சோதிக்குமாறு கோரிப் பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் வரையுங்கள். வகுப்பிலுள்ள அனைவரும் ஒப்பமிடலாம். எமது நிரந்தரப் பற்கள் ஏற்கெனவே உருவாகிவிட்டன. வீட்டிலுள்ள தம்பி தங்கையரின் பற்கள் இப்போதுதான் உருவாகின்றன. அக்கடிதம் அவர்களுக்காகவே.