அழுத்தினால் வராத அச்சு

ஜெலட்டின் பாளத்தில் பெயிண்ட் தடவி, இலையை வைத்துத் துணியை ஒற்றி எடுப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். முதல் அச்சு சேறு பூசியது போல அப்பியிருக்கும். இலை இருந்த இடம் தெரியும், நரம்பு ஒன்றும் தெரியாது. மிச்சப் பெயிண்ட் வீணாகிறதே என்று கையில் கிடைத்த பழைய கைக்குட்டையைப் போட்டு எடுத்தால், அதில் ஒவ்வொரு நரம்பும் துல்லியமாக விழுந்திருக்கும். நல்ல துணி கெட்டது, கந்தை அழகானது. இதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கைக்குட்டைதான் சாட்சி. இரண்டு முறையும் அழுத்திய கை ஒன்றுதான். மாறியது பாளத்தில் இருந்த பெயிண்டின் அளவும் அதன் ஈரமும். அச்சு விழவில்லை என்றதும் இன்னும் ஓங்கி அழுத்தத் தோன்றும். அழுத்தத்தில் கெட்ட அச்சுகள் குறைவு. ஈரத்தில் கெட்டவைதான் ஏராளம்.

மரக்கட்டை அச்சோடு ஒப்பிட்டால் இது விளங்கும். மசூலிப்பட்டினம் கலம்காரியிலோ ராஜஸ்தானத்து பக்ருவிலோ அச்சடிக்கும் மேசையின் மேல் சாக்கும் துணியும் பல மடிப்பாக விரித்து மெத்தை போலச் செய்திருப்பார்கள். கட்டை கெட்டி, அதனால் மேசை இளகிக் கொடுக்கிறது. துணியின் இரண்டு பக்கத்தில் ஏதாவது ஒன்று மெத்தென்று இருந்தாக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ஜெலட்டின் அச்சில் பாளமே மெத்தை. அது துணியின் இழைக்குள் தானே புகுந்து கொடுக்கும். எனவே அதன் அடியில் போர்வையோ மடித்த சேலையோ போடக் கூடாது. மெத்தைக்கு மேல் மெத்தை போட்டால் பாளம் நடுவில் அமுங்கி, ஓரங்களில் அச்சு விடுபடும். சமையலறைக் கிரானைட் மேடையை விடச் சிறந்த அச்சு மேசை கிடையாது.

பாளம் ஊற்றுவது கேசரி கிளறுவதை விடச் சுலபம். 20 செ.மீ.க்கு 25 செ.மீ. தட்டில் 1 செ.மீ. கனத்துக்கு ஊற்ற, கேக் சாமான் கடையில் கிடைக்கும் ஜெலட்டின் தூள் 60 கிராம், மருந்துக்கடைக் கிளிசரின் 250 மில்லி, தண்ணீர் 250 மில்லி. தூளை நேராகத் தண்ணீரில் கொட்டினால் மைதா போலக் கட்டி தட்டும். முதலில் பாதிக் கிளிசரினில் குழைத்துவிட்டு, பிறகு சூடான தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். பாத்திரத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி, கலவை கண்ணாடியாகத் தெளியும் வரை மெதுவாகக் கிளறி, மீதிக் கிளிசரினைச் சேர்த்தால் முடிந்தது. கொதிக்க விடாதீர்கள், ஜெலட்டினின் பிடிப்புப் போய்விடும். முட்டை அடிப்பது போல அடிக்கவும் வேண்டாம், நுரை கட்டும். ஊற்றியதும் மேலே மிதக்கும் குமிழிகளை ஒரு தாள் துண்டின் விளிம்பால் ஓரத்துக்கு இழுத்து எடுத்துவிடலாம். தட்டை வைக்கும் இடம் மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுத் தரைக்குப் பெரும்பாலும் வாட்டம் இருக்கும், ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் அப்பளமாகவும் உறைந்துவிடும். மறுநாள் கத்தியால் ஓரம் கீறிக் கவிழ்த்தால் தட்டில் படிந்திருந்த அடிப்பக்கமே வழவழப்பான பக்கம். அச்சுக்கு அதுதான்.

இவ்வளவு கிளிசரின் எதற்கு, வெறும் தண்ணீரில் ஊற்றினால் போதாதா என்ற கேள்வி வரும். குளிர் நாடுகளில் போதும். தண்ணீரில் உறைந்த ஜெலட்டின் 30 முதல் 35 டிகிரிக்குள் இளகத் தொடங்கிவிடும். சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் அந்தப் பாளம் கையில் எடுக்கும் முன்பே பாயசமாகிவிடும்; குளிர்பெட்டியில் வைத்தாலும் சில நாளில் பூசணம் பிடிக்கும். கிளிசரின் கலந்தது மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும், ஆனால் வெயிலில் காட்டினால் அதுவும் உருகும். ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் பன்றித் தோலிலும் இருந்து வருவது, எங்களுக்கு ஆகாது என்பவர்களின் ஆட்சேபம் நியாயமானது. அவர்கள் வழக்கமாக எட்டிப்பிடிப்பது சைனா கிராஸை. அது வேண்டாம். வெயில் சூட்டில் உருகாது, உண்மைதான். ஆனால் அதற்கு வளைந்து கொடுக்கும் குணம் இல்லை, இரண்டு முறை துணியை இழுத்தால் அல்வாத் துண்டு போல விண்டுவிடும். அசைவப் பொருள் கலக்காமல் செய்த தயார்ப் பாளங்கள் கலைப்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. விலை கூடுதல், அதற்கேற்ப உழைக்கும். ஊற்றுகிற சிரமம் பிடிக்காதவர்களும் அதையே வாங்கலாம்.

துணி பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் பெயிண்ட் இழைக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துவிடும். மல் துணி முதல் தரம், பாப்ளின் அடுத்தது. புதுத் துணியில் ஆலைக் கஞ்சி இருக்கும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசி, காய்ந்ததும் இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். கோராத் துணியானால் கொதிக்கவே வைக்க வேண்டும்.

இனிதான் எல்லோரும் சறுக்கும் இடம். தாளில் அச்செடுத்துப் பழகியவர்கள் அதே கணக்கைத் துணிக்கும் போடுகிறார்கள். தாள் வழவழப்பானது, பாளத்தில் பாதி காய்ந்த பெயிண்டைக் கூட ஒட்டி உரித்துக்கொண்டு வரும். துணி அப்படியில்லை. அது இழையும் இடைவெளியுமாக இருப்பதால், காய்ந்த பெயிண்டை இழைமேடுகள் மட்டும் தொட்டு எடுக்கும். பள்ளங்களில் வெள்ளை தங்கிவிடும். அதற்குப் பயந்து பெயிண்டைக் கொழகொழவென்று ஊற்றினால், நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோட்டை அது மூடிவிடும். ஆக, வேண்டியது மெல்லிய படலம், ஆனால் ஈரமான படலம். மெல்லியது சீக்கிரம் காயும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கஷ்டம். ஃபேப்ரிக் பெயிண்டைத் தண்ணீர் விட்டு நீர்த்துப் போகச் செய்வது வழியல்ல, ஓரம் கசியும். ஒரு கரண்டி பெயிண்டுக்கு இரண்டு மூன்று துளி கிளிசரின் விடுங்கள். காய்வது தாமதமாகும். அதற்கு மேல் விட்டால் துணியில் பிசுபிசுப்பு நின்றுவிடும்.

அளவு சரியா என்று கண்ணை விடக் காது நன்றாகச் சொல்லும். ரப்பர் ரோலரை உருட்டும்போது சளசளவென்று வழுக்கினால் பெயிண்ட் அதிகம். பாளத்தின் மேல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். அதை ஒரு தாளில் உருட்டிக் கழித்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். செலோடேப்பைப் பிரிப்பது போல ஒரு மெல்லிய சீறல் கேட்கும்போது நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் உருட்டுவோம் என்ற ஆசைதான் பலரையும் கெடுக்கிறது, ஒவ்வொரு உருட்டலும் காற்றைப் பட வைத்துக் காயச் செய்கிறது. இதை விட முக்கியமானது, மின்விசிறியை நிறுத்துவது. வியர்க்கும், வியர்க்கட்டும். சுழலும் விசிறிக்கு அடியில் நல்ல அச்சு விழுந்தால் அது தற்செயல். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்பவர்களே புத்திசாலிகள்.

இலையை நரம்பு எழும்பிய அடிப்பக்கம் பெயிண்டில் படும்படி வையுங்கள். அதன்மேல் பழைய நோட்டுத்தாளைப் போட்டு ஒரு தடவை தடவி எடுத்தால் இலையைச் சுற்றியுள்ள பெயிண்ட் தாளோடு போய்விடும். கைக்குட்டை சொன்ன பாடம் இதுதான்: முதல் அச்சைத் தாளுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத் துணிக்கு வைத்துக்கொள்வது. இலையைக் காம்பைப் பிடித்து நிமிர்த்தி எடுத்தால் நரம்பின் தடம் பாளத்தில் தெரியும். அரச இலை, கொய்யா இலை, பெரணி எல்லாம் நன்றாக வரும். முருங்கைக்கீரைக்குப் பொறுமை வேண்டும். பப்பாளி இலையின் வடிவம் யாரையும் மயக்கும், ஆனால் அதைத் தொடாதீர்கள். அதன் பாலில் இருக்கும் பப்பாயின், கறியை மிருதுவாக்குவது போலவே ஜெலட்டினையும் அரித்துவிடும், பால் பட்ட இடத்தில் பாளம் குழிவிழும்.

துணியில் இஸ்திரிக்குத் தெளிப்பது போலத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் குளுமை மட்டும் தெரியும் அளவுக்கு ஆறவிட்டுக்கொள்ள வேண்டும். ஈரத் துணியில் சாயம் பரவாதா என்பார்கள். பிழிந்த துணியில் பரவும்; குளுமையான துணியில் கெட்டியான ஃபேப்ரிக் பெயிண்ட் பரவாது, இழைக்குள் இறங்கத்தான் செய்யும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து, நடுப்பகுதி முதலில் படும்படி இறக்குங்கள், காற்று ஓரத்துக்கு ஓடிவிடும். உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் போதும். இங்கே பார்க்க வேண்டியது துணியின் முதுகை. மல் துணியில் சில நொடிகளில் பின்பக்கம் ஊசிமுனைப் புள்ளிகளாக நிறம் தெரியும். புள்ளிகள் சேர்ந்து இலையின் ஓரம் மங்கலாகத் தோன்றும்போது அச்சு முடிந்தது. அதற்குமேல் தேய்த்தால் அதே நரம்பு இரட்டையாகும். சந்தேகம் இருந்தால் ஒரு கையால் துணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மறு மூலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். உரிக்கும்போது இழையின் நேருக்கு இழுக்க வேண்டும். குறுக்காக இழுத்தால் துணி நெகிழ்ந்து இலையும் கோணும்.

ஒரே டிசைனைத் திரும்ப அடிக்க முடியாதே, இதைக் கொண்டு ஒரு சேலை முழுக்க எப்படி என்பது கடைசி ஆட்சேபம். முடியாதுதான். ஐந்தரை மீட்டருக்கு ஒரே பூ வேண்டும் என்றால் மரக்கட்டைதான் சரி, அதில் சண்டை இல்லை. இது தலையணை உறைக்கும் துண்டுக்கும் முந்தானைக்கும் தைக்காத குர்தா துணிக்கும் உரிய வேலை. முந்தானை அடிக்கும்போது இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தனியாகச் செய்தால் தொங்கும் சேலையின் கனமே அச்சை இழுத்துக் கலைத்துவிடும். இரண்டு நிறத்துக்கு மேல் போகாதீர்கள்.

அச்சிட்ட துணியை நிழலில் ஒரு நாள் காயவிட்டு, பின்பக்கத்திலிருந்து நீராவி இல்லாத சூட்டில் இஸ்திரி போட்டு, மூன்று நாள் கழித்துத்தான் தண்ணீரில் போட வேண்டும். பாளத்தைக் குழாயடியில் காட்டாதீர்கள். தண்ணீர் குடித்து ஊதிவிடும், கிளிசரினும் கரைந்து போகும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். காய்ந்து ஒட்டியிருப்பதை எடுக்க எண்ணெய் தடவும் பழக்கம் தாள் அச்சுக்குச் சரி, அடுத்த துணியில் கறை விழும். மெல்லிதாகப் பெயிண்ட் உருட்டித் தாளை ஒட்டிக் காயவிட்டு உரித்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும். கீறல் விழுந்த பாளத்தைத் துண்டு போட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றிக்கொள்ளலாம். உருக்கிய பாத்திரமும் கரண்டியும் அதன்பிறகு அடுப்பங்கரைக்குத் திரும்பக் கூடாது. அடியில் ஒரு பெயிண்ட் பொட்டு வைத்துத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.