இரண்டு புற்றுநோய் என்றால் பரவிவிட்டது என்று அர்த்தமா?

"வாயில கேன்சர்னு சொன்னாங்க. இப்ப உணவுக்குழாயிலயும் இருக்காம். பரவிருச்சு, இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" லயங்களில் இப்படிச் சொல்லி நோயாளியை வீட்டோடு வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இது சரிதானா என்று பார்ப்போம்.

ஓரிடத்தில் உண்டான புற்றுநோய் இன்னோரிடத்துக்குப் போனால், அது பரவுதல். ஆனால் ஒருவருக்கே இரண்டு இடங்களில் தனித்தனியாகப் புற்றுநோய் உண்டாவதும் உண்டு. வெற்றிலை, பாக்கு, போயிலைச் சாறு வாயோடு நிற்பதில்லை, உணவுக்குழாயிலும் இறங்குகிறது. பீடியும் சாராயமும் அந்த வழியைத்தான் கெடுக்கின்றன. போயிலை சேர்க்காத பாக்குகூட புற்றுநோயை உண்டாக்கும்.

பரவியதா, தனி நோயா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் சிறு சதைத்துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள், படமும் எடுப்பார்கள். தனித்தனி நோயாக இருந்து, இரண்டும் ஆரம்பத்திலேயே அகப்பட்டால், இரண்டையும் குணமாக்க வழி இருக்கிறது.

சத்திரசிகிச்சை டாக்டரும் புற்றுநோய் டாக்டரும் கலந்து பேசி, நோயாளியின் உடல் தாங்குமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதிக ஆபத்தான நோய்க்கு முதலில் வைத்தியம் நடக்கும். மற்றது சிறிது காலம் காத்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிலருக்கு இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் செய்வார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை:

1. "டாக்டர், இது பரவினதா, வேற நோயா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

2. எல்லாக் கிளினிக் கொப்பிகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒரே பையில் வைத்து, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் கொண்டுபோங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.

3. விழுங்கக் கஷ்டம், மூன்று வாரமாகியும் ஆறாத புண், மாறாத குரல் கம்மல், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவற்றைப் "பழைய நோய்தானே" என்று விடாமல் உடனே காட்டுங்கள்.

4. வெற்றிலை, பாக்கு, போயிலை, பீடி, சாராயத்தை இப்போதாவது விடச் செய்யுங்கள். விடாவிட்டால் இன்னொரு புற்றுநோய் வரலாம்.

5. ஒரு நாள் பேர் போகுதே என்று கிளினிக்கைத் தவறவிடாதீர்கள்.

மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் புற்றுநோய்க்கு இலவசமாக வைத்தியம் செய்கிறார்கள். பயணச் செலவுக்கோ, கூடப் போவதற்கோ வழியில்லை என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். டாக்டர் சொல்லாமல் வைத்தியத்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.