உப்புக் காற்றில் ஒரு சான் ஸ்டார்ம்

தூத்துக்குடியில் இரும்பு வாங்குகிறவர் துருவையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சைக்கிள் செயினிலிருந்து மொட்டைமாடிக் கைப்பிடிக் கம்பி வரை எதையும் கடல்காற்று விட்டுவைக்காது. இப்படிப்பட்ட ஊரில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கித் திறக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் காரை எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று கேட்காத நண்பர்கள் இல்லை. தனித்தனியாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது சான் ஸ்டார்ம். சான் மோட்டார்ஸ் 1998-ல் கொண்டுவந்த இந்தியக் கார். வடிவமைத்தது பிரான்ஸின் லெ மான் குரூப். உள்ளே ரெனோவின் 1,149 சிசி பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைத்திறன். இன்றைய சாதாரண ஹேட்ச்பேக்கே இதை முந்திவிடும். ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து, தலைக்குமேல் வானத்தோடு ஓட்டுகிற சுகம் அந்த வண்டிகளில் கிடைக்காது. தயாரிப்பு நின்று பல வருடமாகிவிட்டதால் ரோட்டில் இன்னொன்றைப் பார்ப்பது அபூர்வம். 2025 ஆகஸ்ட்டில் இங்கே வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறந்த பிறகு, "அண்ணாச்சி, இது வின்ஃபாஸ்ட் வண்டியா?" என்று கேட்கிறார்கள். அதுவும் நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும்போது!

தப்பிப்பது பாடி மட்டுமே

ஸ்டார்மின் பாடி ஃபைபர் கிளாஸ். துருப்பிடிக்காது. அதனால்தான் இந்த ஊருக்கு இது பொருத்தமான வண்டி என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. அடியில் இருக்கும் சேஸி இரும்பு. மேலே ஃபைபர் மூடியிருப்பதால் துரு கண்ணில் படாது. ஃபைபரும் இரும்பும் சேருகிற போல்ட் இடங்களில் துரு ஏறி உப்பும்போது, சுற்றியுள்ள ஃபைபர் வெடிக்கும். பெயின்டில் சிலந்தி வலைபோலக் கீறல் விழுந்தால் பெயின்டரிடம் ஓடாதீர்கள். முதலில் வண்டியைத் தூக்கி, அந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள போல்டைப் பாருங்கள்.

காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். உப்பளத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. பகலில் தூளாக ஒட்டியது ராத்திரியில் உப்புநீராகிச் சந்துபொந்தெல்லாம் இறங்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், ஓட்டிவிட்டு வந்த அன்றே கழுவிவிடுங்கள். பாடியைவிட அடிப்பாகத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும்தான் தண்ணீர் அதிகம் வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைத் துடைத்துவிட்டு உப்பையே பூசுகிறோம். நான் குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்துவைத்து அதில்தான் கழுவுகிறேன். பைப்பைத் திறந்துவிட வேண்டாம். ஸ்பிரேயர் வைத்தால் சில குடம் தண்ணீரே போதும்.

நிறுத்தும்போது பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, ஈரம் வெளியேற வழியில்லாமல் நிற்கும். காற்று போய்வருகிற துணி உறை போதும். ஷெட்டில் ஒரு ஃபேன் ஓடினால் இன்னும் நல்லது. துணிக் கூரையை ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சை பிடிக்கும். அதன் தையல் பிரிந்தால் சீட் கவர் கடையைவிட லாரித் தார்ப்பாய் தைப்பவர் நன்றாகத் தைப்பார். தடித்த ஊசியும் உழைக்கிற நூலும் அவரிடம்தான் இருக்கும்.

கார் டாக்டர் படகுக்கரையில்

ஃபைபர் பாடியில் விரிசல் என்றால் வழக்கமான டிங்கரிங் பட்டறையில் பட்டி வைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு வேகத்தடை தாண்டினால் அதே இடத்தில் மீண்டும் விரிசல். நம் ஊரில் இதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். திரேஸ்புரம் பக்கம் போய் ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்களைக் கேளுங்கள். முதல்முறை என் வண்டியின் முன் முனையைத் தட்டிப்பார்த்துவிட்டு ஒருவர் சொன்னார்: "கடல்ல ஓடினாலும் ரோட்டுல ஓடினாலும் வைத்தியம் ஒண்ணுதான் அண்ணாச்சி. உள்ளயிருந்து கட்டணும்."

அவர் செய்த முறை இது. விரிசலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டார், அதற்குமேல் ஓடாமலிருக்க. பெயின்டை முழுக்க எடுத்து, விரிசலை உளியின் வாய்போலச் சரிவாகத் தேய்த்தார். பின்பக்கம் சுரண்டிச் சுத்தம் செய்து, ரெசினில் நனைத்த கண்ணாடியிழை மேட்டை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றையும் முந்தையதைவிடப் பெரிதாக வெட்டி ஒட்டினார். ரோலரால் அழுத்தி உள்ளே நின்ற காற்றுக் குமிழை வெளியேற்றினார். அது இறுகிய பிறகுதான் வெளிப்பக்கத்தில் கைவைத்தார். ஹார்ட்னரை அவர் கலக்கும் அளவைக் கவனியுங்கள்: நம் வெயிலுக்குக் குறைவாகவே ஊற்றுவார். அதிகமானால் ரெசின் சூடேறி நொறுங்கும். மழைக்காலத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஈரம் பட்ட மேட் சரியாக ஒட்டாது.

படகு வேலைக்கும் கார் வேலைக்கும் ஒரே வித்தியாசம் மேற்பரப்பு. படகுக்கு வழவழப்பு அவ்வளவு தேவையில்லை. அதனால் கட்டுகிற வேலையை அவரிடமும் கடைசிப் பூச்சை நல்ல கார் பெயின்டரிடமும் பிரித்துக் கொடுங்கள்.

லைட் எரியவில்லையா? எர்த் பாருங்கள்

சாதாரணக் காரில் பாடியே எர்த். ஃபைபரில் மின்சாரம் பாயாது என்பதால் ஒவ்வொரு விளக்குக்கும் சேஸிக்குத் திரும்பிவர ஒரு வயர் உண்டு. அந்த வயர் இரும்பைத் தொடுகிற முனையில்தான் உப்பு முதலில் கைவைக்கும். இன்டிகேட்டர் போட்டால் பார்க் லைட் மினுக்குகிறதா? பல்பை மாற்றாதீர்கள். எர்த் முனையைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். மழை தொடங்குவதற்கு முன் எல்லா முனைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்த வருடத்துத் தலைவலி பெரும்பாலும் தீரும்.

இன்ஜினும் பெட்ரோலும்

உதிரிபாகம் கேட்கும்போது காரின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கையை விரிப்பார். இன்ஜினின் பெயரைச் சொல்லுங்கள்: ரெனோ டி7எஃப். ஐரோப்பாவில் ட்விங்கோ, கிளியோ கார்களில் ஏராளமாக ஓடிய இன்ஜின் இது. டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் அந்தப் பெயரில் வெளிநாட்டில் கிடைக்கும். டைமிங் பெல்ட்டை ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். குறைவாக ஓடுகிற வண்டியில் ரப்பர் வயதால் சாகும். மாற்றும் எந்தப் பாகத்தின் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்த நோட்டுக்கே விலை உண்டு.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990-களின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். எரிபொருள் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் பெட்ரோலை டேங்கில் கிடக்க விடாதீர்கள்.

காகிதங்கள்

15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வயது ஆன வண்டிகளுக்குத்தான். ஸ்டார்முக்கு அது இப்போதைக்கு இல்லை.

இன்ஷூரன்ஸில் இரண்டு விஷயம். 5 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி என்கிற காப்பீட்டு மதிப்பு கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வது. படங்களோடும் பில்களோடும் போய்ப் பேசுங்கள். அடுத்தது, சாதாரணப் பாலிசியில் ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். நம் வண்டியின் பாடியே ஃபைபர் என்பதால் இடித்தால் கையிலிருந்து போவது அதிகம். அதைக் கணக்கில் வைத்தே சேமியுங்கள்.

எங்கே, எப்போது ஓட்டுவது

துறைமுகச் சாலையைத் தவிர்க்கிறேன். கன்டெய்னர் டிரைலரின் கண்ணாடியில் இவ்வளவு தாழ்ந்த கார் தெரியவே தெரியாது. விடிகாலையில் பாளையங்கோட்டை ரோட்டில் வல்லநாடு வரை போய் வந்தால் வண்டிக்கும் நல்லது, எனக்கும் நல்லது. கடலைவிட்டு விலகி ஓடுவதால் சூடேறிய இன்ஜினும் சைலன்ஸரும் உள்ளே தங்கிய ஈரத்தைத் துரத்திவிடும். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதைவிட, நின்றிருப்பதே மேல்.

2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். தாழ்ந்த வண்டி வைத்திருப்பவர் ஷெட்டின் தரையைத் தெருவைவிட உயர்த்திக் கட்டட்டும். தண்ணீர் ஏறிவிட்டால் சாவியைத் தொடாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இந்த ஊரில் இப்படி ஒரு கார் வாங்கலாமா என்று கேட்டால், என் பதில் இதுதான்: ஷோரூம் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை என்று பயப்படாதீர்கள், அதற்கு வேண்டிய கைகள் படகுக்கரையிலும் தார்ப்பாய்க் கடையிலும் இருக்கின்றன. ஆனால் வாரத்தில் ஒரு காலை நேரத்தை உங்களால் ஒதுக்க முடியாது என்றால் வாங்காதீர்கள். ஒதுக்க முடிந்தவருக்கு விற்கச் சொல்லுங்கள்.